எடுத்தான், பார்த்தான், விட்டான்

பேனா பிடித்துப் பிழைத்தவன் அல்ல நான். சுண்ணாம்பு வாளியும் பந்துக்குக் காற்றடிக்கும் பம்பும் பிடித்தவன். சாதாரண தரம் வரை படித்தேன், கணக்குப் பாடத்தில் தவறினேன், அத்தோடு நிறுத்திக்கொண்டேன். நாலு பேர் முன்னால் கதைக்கச் சொன்னால் இன்றைக்கும் வாய் உலர்ந்துவிடும். இப்படிப்பட்டவன் விளையாட்டுக் கழக மலரில் பக்கங்களை அடைத்துக்கொள்வது அதிகப்படிதான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் கழகத்தின் பயிற்றுநர் தம்பி டிலக்சனிடம் போய்ச் சண்டை பிடிக்கலாம். எழுதச் சொல்லி விடாப்பிடியாக நின்றவர் அவர்தான்.

காரணம் இதுதான். போன மாதம் நமது கழகம் ஒரு கோலால் தோற்றது. நடுவில் நின்று பந்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பையனிடமிருந்து எதிரணி பந்தைப் பறித்துக்கொண்டு போய் அடித்த கோல் அது. ஆட்டம் முடிந்ததும் டிலக்சனும் அவருடைய ஆட்களும் கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நிறுத்தினார்கள், பின்னுக்கு இழுத்தார்கள், மறுபடி ஓடவிட்டார்கள். கடைசியில், பந்தை அதிக நேரம் வைத்துக்கொண்டு நின்றான், பிழை அவன்மேல்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பின்னால் நின்ற நான் ஏதோ முணுமுணுத்துவிட்டேன் போலிருக்கிறது. டிலக்சன் திரும்பிப் பார்த்தார்.

அதோடு விடாமல் இன்னொரு படத்தையும் காட்டினார். அமெரிக்காக்காரருடைய உதைபந்தாட்டமாம். உதைப்பது அபூர்வம், எறிவதுதான் அதிகம். பந்தும் முட்டை மாதிரி இருந்தது. தலையில் கவசம் போட்ட ஒருவன் பின்னால் நின்று எறியப் பார்க்கிறான். அவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் வேலி மாதிரி நின்று, பாய்ந்து வருகிறவர்களை மறிக்கிறார்கள். வேலி பிய்ந்தது, எறிகிறவன் விழுந்தான். படத்தில் கதைக்கிற இருவரும் உடனே பிடுங்குப்படத் தொடங்கினார்கள். ஒருவர், எறிகிறவன் நேரத்துக்கு எறியாமல் சுணங்கிவிட்டான் என்றார். மற்றவர், மறித்தவர்கள் கைவிட்டார்கள் என்றார். டிலக்சன் சிரித்துக்கொண்டு சொன்னார்:

“பாருங்க அங்கிள், அவங்களுக்கும் இதே பிரச்சினதான்.”

“ஓம் மனே. அவங்களும் பந்தத்தான் பாக்காங்க.”

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவு எழுத வேண்டி வந்தது.

யுத்தம் மும்முரமாக இருந்த காலத்தில் மட்டக்களப்பில் விளையாட்டு அலுவலகத்தில் மைதான ஊழியனாகச் சேர்ந்தேன். கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்கு ஒட்டுப் போடுவது, புல் வெட்டுவது. பாதை பூட்டும் நாட்களில் வெளியூரிலிருந்து வர வேண்டிய கோட்டு நடுவர்கள் வரமாட்டார்கள். அப்படி ஒரு நாள் கொடியை என் கையில் தந்துவிட்டார்கள். கூச்சக்காரனுக்குக் கொடுக்கக் கூடாத வேலை அது. கொடியைத் தூக்கினால் ஒரு பக்கம் ஏசும், தூக்காவிட்டால் மறுபக்கம் ஏசும். ஆனால் ஏச்சு வாங்கி வாங்கித்தான் ஆட்டத்தைப் பார்க்கப் பழகினேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது அருளானந்தம் சேரைப் பற்றி. மாவட்ட அணிக்குப் பயிற்றுநர் அவர்தான், எனக்கு மேலதிகாரியும் அவர்தான். வெள்ளைக் காற்சட்டை மடிப்புக் குலையாமல் இருக்கும். வெயிலோ மழையோ குடை இருக்கும். நம்மிடம் கதைக்கும்போது நம்முடைய முகத்தைப் பார்க்கமாட்டார். பாதையைப் பார்த்துக் கதைப்பார். பதில் வேண்டுமென்றால் பாதையில் போகிற சைக்கிள்காரனிடம் கேட்பது போலக் கேட்பார். தேநீர் குடித்து முடிக்காமல் ஒரு முடிவும் சொல்லமாட்டார். அவர் தேநீர் குடிக்கிற வேகத்தில் ஒரு கலியாணத்தையே பேசி முடித்துவிடலாம். அவரோடு வேலை செய்த காலத்தில் எனக்கு வந்த எரிச்சலில் பாதி அந்தத் தேநீரால் வந்தது.

ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க அவர் வைத்திருந்த முறையை மட்டும் இன்றுவரை குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று பேரை மூன்று இடத்தில் இருத்துவார். ஒருவர் பந்தைப் பங்கிடுகிற நடு ஆட்டக்காரனை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாமவர் அவனைப் பிடிக்க ஓடிவருகிற எதிரணிக்காரனை மட்டும் பார்க்க வேண்டும். மூன்றாமவர் அந்த நடு ஆட்டக்காரனுக்குப் பின்னாலும் பக்கத்திலும் நின்று காவல் காக்க வேண்டிய இரண்டு பின்வரிசை பெக்கையும் மட்டும் பார்க்க வேண்டும். பந்தை ஒருவரும் பார்க்கக் கூடாது. “பந்தப் பாக்கத்தான் சனம் வந்திருக்கே” என்பார்.

நேரம் பார்க்க மணிக்கூடு வைக்கமாட்டார். மணிக்கூட்டைப் பார்க்கிறவன் ஆளைப் பார்க்கமாட்டான் என்பது அவருடைய கட்சி. அதற்குப் பதிலாக மூன்று சொற்கள். பந்து காலில் பட்டதும் வாய்க்குள்ளே “எடுத்தான்” என்று தொடங்க வேண்டும். நடந்து போகிறவன் அடி வைக்கிற வேகத்தில் “பார்த்தான்”, பிறகு “விட்டான்”. மூன்றாவது சொல் முடிந்தும் பந்து காலிலேயே கிடந்தால் பிழை அவனுடையது. இரண்டாவது சொல் முடியுமுன்பே எதிரி வந்து விழுந்தால் பிழை காவல் நின்றவர்களுடையது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வந்தால் அதுதான் வில்லங்கமான கேஸ். அப்போது பெக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் சாட்சி இல்லாமல் தீர்ப்பு இல்லை.

முதல் தடவை என்னை இருத்தியபோது, ஆட்டம் முடிந்ததும் நான் கண்டதைக் கேட்டார். அந்தப் பொடியன் நல்லா விளையாடினான் என்றேன்.

“நல்லா எண்டுறது சோறு கறிக்குச் சொல்லுற சொல். நீ என்னத்தக் கண்டாய்?”

நான் பந்தைத்தான் கண்டிருந்தேன். அடுத்த ஆட்டத்துக்கும் அதற்கடுத்த ஆட்டத்துக்கும் அதே கேள்வி, அதே பாதையைப் பார்த்த முகம்.

வாவிக்கரை ஊர் ஒன்றில் நடந்த இறுதி ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். தோற்ற அணியின் ஆதரவாளர்கள் தங்கள் நடு ஆட்டக்காரன்தான் பந்தை வைத்துக் கெடுத்தான் என்று சொல்லி அவனுடைய சைக்கிளைத் தூக்கி வாவிக்குள் போட்டார்கள். அடுத்த கிழமை அருளானந்தம் சேர் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். இரண்டு பெக்குகளையும் கூப்பிட்டு, அந்த நேரம் எங்கே நின்றாய் என்று தனித்தனியாகக் கேட்டார். ஒருவன் வயிற்றுக்குத்து என்றான். மற்றவன் தலையைச் சொறிந்தான். கடைசியில் அவனுடைய கூட்டாளி ஒருவன்தான் உடைத்தான்: “மச்சாள் ஆட்டம் பாக்க வந்த சேர். இவர் கோல் அடிச்சுக் காட்டப் போயிற்றார்.” சேர் சிரிக்கவில்லை. யாருடைய மச்சாள் வந்தாளோ அவன்தான் சைக்கிளை வாவியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அவன் கழுத்தளவு தண்ணீரில் இறங்கியதை அந்த மச்சாளும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனி சீலனுடைய கேஸ்.

கொழும்பில் நடக்கவிருந்த போட்டிக்கு மாவட்ட அணி தெரிவு. அங்கே விளையாடுகிற நல்ல ஆட்டக்காரர்களைத் அரசாங்கத் திணைக்கள அணிகள் வேலையும் கொடுத்து எடுத்துக்கொள்ளும் காலம். அதனால் அது வெறும் விளையாட்டுத் தெரிவாக இருக்கவில்லை. நகர மைதானத்தில் காலையில் ஒரு சோதனை ஆட்டம். மறுநாள் விடிய பஸ். பெயர்ப் பட்டியலோடு அலுவலகக் கடிதம் அடித்து மத்தியானத்துக்குள் முத்திரை குத்த வேண்டும். அந்தக் கடிதம் இருந்தால் வழியில் சோதனைச் சாவடிகளில் மரியாதையாக விடுவார்கள்.

சீலனுக்குத் தேற்றாத்தீவுக்கு அங்கால் உள்ள ஒரு ஊர். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். இராணுவத்தின் சுற்றிவளைப்புகளில் இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போய், பிறகு விட்டிருந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் நான் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய அக்கா வந்தார். தையல் வேலை செய்கிறவர், விரலில் ஊசிக்குத்துத் தழும்புகள் இருந்தன. குரல் உயரவேயில்லை.

“அண்ணன், அவன எடுங்க எண்டு கேக்க நான் வரல்ல. எங்கட மாமாட லொறி மூணு மணிக்குக் கொழும்புக்கு வெளிக்கிடுது. அதில போனா எத்தின இடத்தில இறக்குவாங்களோ தெரியா. உங்கட பஸ்ஸில கடிதத்தோட போனா மரியாதையாப் போவான். எடுத்தா பஸ். எடுக்கல்லண்டா லொறி. ஊரில மட்டும் வச்சிருக்க ஏலா. ரெண்டில ஒண்ட மத்தியானத்துக்குள்ள சொல்லிப்போடுங்க.”

சொல்கிறேன் என்றேன். அவர் போய் வாசலில் வாகை மரத்தின் கீழே குந்திக்கொண்டார்.

அன்றைக்கு நடு ஆட்டக்காரனைப் பார்ப்பது என்னுடைய வேலை. ஓடிவருகிறவர்களை சேர் பார்த்தார். பெக்குகளைப் பார்க்கும் பொறுப்பு தெரிவுக் குழுச் செயலாளர் பாக்கியராசாவுக்கு. இரும்புக் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர், ஆட்டக்காரருக்குச் சோடாவும் பணிசும் தன்னுடைய கையிலிருந்து வாங்கிக் கொடுப்பார். ஆனால் பந்து உருண்டால் அவருடைய தலையும் உருளும். அவரிடம் பெக்குகளைப் பார்க்கச் சொன்னது, பூனையிடம் மீனை விட்டுவிட்டுச் சோற்றைப் பார் என்று சொன்னது போலத்தான்.

முதல் பாதியில் சீலன் மூன்று தடவை பந்தைப் பறிகொடுத்தான். மூன்றாவது தடவை கோலே விழுந்தது. மூன்று தடவையும் எனக்கு ஒரே கணக்குத்தான். “பார்த்தான்” முடிந்தது, “விட்டான்” தொடங்கவில்லை, ஆள் வந்துவிட்டான். சரியாக அந்த வில்லங்கமான நடுவிடம்.

இடைவேளையில் தேநீர் வந்தது. செயலாளர் கொதித்துக்கொண்டு வந்தார்.

“வெட்டுங்க சேர் அவன. பந்தத் தாலி கட்டிக் கூட்டி வந்தவன் மாதிரி வச்சிருக்கான். வேணாம்.”

சேர் பாதையைப் பார்த்தபடி கேட்டார். “பெக் ரெண்டு பேரும் எங்க நிண்டாங்க?”

“எந்த பெக்?”

சேர் ஒரு வாய் தேநீர் குடித்தார். என்னுடைய கணக்கைக் கேட்டார், சொன்னேன். தன்னுடைய கணக்கும் அதுதான் என்றார். மூன்றாவது சாட்சி இல்லை. மூன்றாவது சாட்சி பந்தின் பின்னால் ஓடிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் அந்த அக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சேரோ இன்னும் அரைக் கோப்பை தேநீரை வைத்திருந்தார். எடுத்தால் எடுக்கிறோம் என்று சொல்லுங்கள், வெட்டினால் வெட்டுகிறோம் என்று சொல்லுங்கள், அந்தப் பிள்ளை லொறியையாவது பிடிக்கட்டும் என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. ஆட்டம் தெரியாதவர் அவசரப்படுவதைப் பொறுக்கலாம். ஆட்டம் தெரிந்தவர் ஆறுதலாக இருப்பதைத்தான் பொறுக்க முடியாது.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கோல் காப்பாளனைக் கூப்பிடச் சொன்னார் சேர். பெனடிக்ற் என்ற நகரத்துப் பையன். கோல் காப்பவனுக்கு முன்னால்தான் எல்லாம் நடக்கிறது. வாயும் சும்மா இருக்காது.

“உனக்கு முன்னால ஆர் நிண்ட?”

“வெயில்தான் நிண்ட சேர். பெக் ரெண்டு பேரும் கொழும்புக்குப் போற ஆசையில கோல் அடிக்கப் போயிற்றானுகள்.”

செயலாளர் நிலத்தைப் பார்த்தார். பெனடிக்ற் நிறுத்தவில்லை.

“ஆனா இவரும் சும்மா ஆள் இல்ல சேர். பந்து வந்த உடன வலப்பக்கம் பாக்கார். ஒவ்வொரு தரமும். அங்க ஒரு காகம்கூட இல்ல. நான் அடி, அடி எண்டு தொண்ட கிழியக் கத்துறன். இவர் ஆரையோ தேடுறார்.”

இதை நானும் கண்டிருந்தேன். தலை வலப்பக்கம் போய்த்தான் நிமிர்ந்தது. ஆனால் ஆள் தேடுகிறான் என்றுதான் நினைத்தேன். சேர் சீலனைக் கூப்பிட்டார். அவன் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

“வலப்பக்கம் என்ன?”

“கம்பி சேர்.”

“இஞ்ச எங்க கம்பி?”

“இஞ்ச இல்ல சேர். எங்கட ஊரில.”

பிறகுதான் விளங்கியது. அவர்களுடைய மைதானத்தின் வலப்பக்கக் கோட்டோடு இராணுவ முகாமின் முட்கம்பி வேலி. கம்பிக்கு அங்கால் போன பந்து அன்றைக்கு வராது. வயது போன யாராவது அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். கொடுத்தாலும் கொடுப்பார்கள், கொடுக்காமலும் விடுவார்கள். கழகத்துக்கு இருந்தது ஒரே ஒரு பந்து. அதனால் அந்த ஊரில் ஒருவனும் கண்ணை மூடிக்கொண்டு பந்தைத் தூக்கி அடிக்கமாட்டான். பந்து வந்தால் முதலில் கம்பியைப் பார்ப்பான். பிறகு நிலத்தோடு கொடுக்க ஆள் கிடைக்கும்வரை வைத்திருப்பான். வைத்திருப்பவனை விட்டுவிட்டு ஓடினால் பந்து போய்விடும் என்பதால் இரண்டு பெக்கும் அவனுக்குப் பக்கத்திலேயே மறித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த ஊர் வழக்கம் அது. நகரத்து பெக்குகள் இந்த வழக்கத்தைக் கண்டதில்லை. சீலனும் காவல் இல்லாத இடத்தில் நின்றதில்லை. அவன் பந்தோடு நிற்கிறான், இவர்கள் அடிப்பான் என்று நினைத்து முன்னுக்கு ஓடுகிறார்கள்.

சேர் பாதையிடம் சொன்னார்:

“ரெண்டும்.”

“ரெண்டும் எண்டா? எடுக்கிறதா, வெட்டுறதா?” செயலாளருக்கும் பொறுமை போய்விட்டது. அன்றைக்கு அவரும் நானும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

“காவலும் இல்ல. இவனும் ஒரு பார்வை அதிகமாப் பாக்கான். ரெண்டு பிழையும் சேந்துதான் அந்த நடுவிடத்தில விழுகுது.”

பெனடிக்ற் போகாமல் நின்றிருந்தான். போகிற போக்கில் ஒரு நக்கல் விட்டான்.

“அப்பண்டா இவர இடப்பக்கம் போடுங்க சேர். கம்பியத் தேடி வலப்பக்கம் பாத்தா முழு மைதானமும் தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள், சீலன்கூட. சேர் சிரிக்கவில்லை. போடு என்றார்.

இரண்டாம் பாதியில் சீலன் இடப்பக்கம் தள்ளி நின்றான். பெக்குகள் இருவரையும் கூப்பிட்டு, இவனை விட்டு நடுக்கோட்டைத் தாண்டினால் கொழும்புப் பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயரைத் தேட வேண்டாம் என்று சேர் சொன்னார். செயலாளருடைய கதிரையை எடுத்து மைதானத்தின் நடுவைப் பார்க்காமல் பெக்குகளின் பக்கம் மட்டும் பார்க்கும்படி திருப்பிப் போட்டது நான்தான். செயலாளர் முறைத்தார், ஆனால் இருந்தார்.

நான் சீலனின் தலையைப் பார்த்தேன். பழக்கம் விடவில்லை, ஒவ்வொரு தடவையும் வலப்பக்கம்தான் போனது. ஆனால் இப்போது அந்தப் பக்கத்தில் அணி முழுவதும் நின்றது. “எடுத்தான், பார்த்தான்” என்று சொல்லி, “விட்டான்” என்று வாயெடுக்க, பந்து போய்க்கொண்டிருந்தது. இடையில் ஒரு தடவை மூன்று சொல்லும் முடிந்தும் வைத்துக்கொண்டு நின்று பறிகொடுத்தான். அது சுத்தமாக அவனுடைய பிழை, ஒளிக்க ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் சரி.

ஆட்டம் முடிந்ததும் செயலாளர்தான் முதலில் எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது.

“சேர், இந்த ரெண்டு பெக்கும் கொஞ்ச நேரம் நிக்கானுகள், பிறகு நழுவுறானுகள். கூப்பிட்டா வாறானுகள், திரும்பவும் நழுவுறானுகள். இவ்வளவு காலமும் இப்பிடியா விளையாடினவனுகள்?”

“இவ்வளவு காலமும் நீங்க ஆரப் பாத்தீங்க?” என்றார் சேர் பாதையிடம்.

பெக்குகள் இருவரையும் வெட்ட வேண்டும் என்று செயலாளர் நின்றார். வேறு பெக்குக்கு எங்கே போவது? பெரிய வாக்குவாதம். அது முடிய இன்னொரு தேநீர். கடைசியில் பெக்குகளும் போவது, சீலனும் போவது என்று முடிவானது. தட்டெழுத்து அடிக்கும் தங்கச்சி சாப்பிடப் போக எழுந்தவரை மறித்துப் பெயர்களைச் சொன்னேன். கடிதம் அடித்து, கையொப்பம் வாங்கி, முத்திரை குத்தி, மை காயுமுன் வாசலில் இருந்த சீலனின் அக்காவிடம் ஓடினேன்.

“எடுத்தாச்சு தங்கச்சி.”

அவர் உடனே எழும்பவில்லை.

“உறுதிதானே அண்ணன்? பிறகு மாத்தமாட்டாங்களே?”

கடிதத்தைக் காட்டினேன். தம்பியின் பெயரை விரலால் தடவி வாசித்தார்.

“அப்ப மாமாவப் போகச் சொல்லிட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு பஸ் நிலையப் பக்கம் நடந்தார்.

டிலக்சன் தம்பி, நான் முணுமுணுத்தது இதைத்தான். போன மாதம் தோற்ற ஆட்டத்தில் உங்களுடைய பெக்குகள் எங்கே நின்றார்கள் என்று உங்களுடைய படத்தில் இல்லை. படம் எடுத்தவர் பந்தின் பின்னால் போயிருக்கிறார். அந்தப் பையன் எந்த மைதானத்தில் விளையாடிப் பழகினவன், பந்து வந்தால் முதலில் எதைப் பார்க்கிறவன் என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் நேரம் தெரியும், ஏன் அவ்வளவு நேரம் என்பது தெரியாது. அவன் சுணங்கியும் இருக்கலாம், காவல் போயும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மூன்று பேரை இருத்துங்கள், மூன்றாமவருடைய கதிரையைத் திருப்பிப் போடுங்கள். அதற்குப் பிறகு பையனை ஏசுங்கள், நானும் சேர்ந்து ஏசுகிறேன்.

சீலனுடைய கேஸில் தீர்ப்பில் பிழை இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். லொறி அவனை ஏற்றாமல் மூன்று மணிக்குப் போய்விட்டது.

மறுநாள் விடியக் கொழும்புப் பாதையை மூடிவிட்டார்கள். எங்களுடைய பஸ் போகவில்லை. சீலன் பையோடு அலுவலக வாசலில் மத்தியானம் வரை நின்றான். பிறகு ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினான்.